விடை சரி, வழி எங்கே? தமிழில் கரக்டர் பில்டர் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைமாருக்கு,

உங்களில் இரண்டு பேரை எனக்கு முகம் தெரியும். போன மாதம் கடைக்கு வந்து, நீங்கள் செய்த கரக்டர் பில்டரை, அதாவது விளையாட்டுப் பாத்திரத்தின் தாளை நிரப்பித் தருகிற செயலியை, போனில் திறந்து நீட்டி, "அண்ணை, தமிழிலை வேலை செய்யுது, ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லி லிங்கையும் அனுப்பிவிட்டுப் போனீர்கள். மிச்சப் பேரைத் தெரியாது. அதனால்தான் தனி மெசேஜாகப் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இனிமேல் இந்த வேலைக்கு வெளிக்கிடப் போகிறவர்களும் படித்தால் பிழையில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பேர் பாய் விரித்துக் கூடி டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுவோம், ஆறு வருசமாக நடக்கிறது. கேம் மாஸ்டர் நான்தான். கதை சொல்வது, பூதத்துக்குக் குரல் கொடுப்பது, சண்டை பிடிக்கிறவர்களை விலக்குவது (பாத்திரங்களை இல்லை, ஆட்களை), தேத்தண்ணி வைப்பது எல்லாம் என் தலையில். மேசை விளையாட்டு என்று பேர், மேசை கிடையாது.

இந்த விளையாட்டே தெரியாமல் இந்த மடலுக்குள் வந்து விழுந்தவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தது. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு "நான் கதவை உதைக்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும், கதவு உடைந்ததா இல்லையா என்பதை இருபது பக்கத் தாயக்கட்டை சொல்லும். அந்தப் பாத்திரத்தின் பலம், உயிர், கையில் இருக்கிற சாமான் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். தாளை நிரப்புவது லேசான வேலை இல்லை, விதிப்புத்தகம் 300 பக்கத்துக்கு மேல். அதை எங்களுக்காக நிரப்பித் தருகிற செயலிதான் கரக்டர் பில்டர்.

சரி, உங்கள் சாமானுக்கு வருகிறேன்.

வடிவாக இருக்கிறது. பொய்க்குச் சொல்லவில்லை. தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம் அரவு ஒரு பக்கம் என்று பறக்காமல் நிற்கிறது, நாள் முழுக்கத் தமிழ்ப் பீடிஎஃப் திறந்து அச்சடிக்கிறவன் சொல்கிறேன், அது சின்ன விசயம் இல்லை. புதிதாக வருகிற பிள்ளை பத்து நிமிசத்தில் ஒரு பாத்திரத்தோடு வந்து உட்காரலாம். கையால் செய்தால் முதல் ஞாயிறு முழுக்க அதிலேயே போய்விடும், இரண்டாம் ஞாயிறு ஆள் வராது, இப்படி மூன்று பேரை நான் இழந்திருக்கிறேன். ஆகவே "அந்தக் காலத்தில் நாங்கள் பென்சிலால்" என்று தொடங்கப் போகிற கிழவன் நான் இல்லை.

எனக்கு இருக்கிற குறை ஒன்றுதான். உங்கள் செயலி விடையைச் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை.

இதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதற்கு ஒரு கதை.

எங்கள் கூட்டத்தில் கடைக்குட்டி என் பெறாமகள், அண்ணாவின் மகள், இந்த வருசம் ஓ/எல் சோதனை. அவள் எடுத்தது மொங்க், கவசம் இல்லாமல் உடம்பையும் மனத்தையும் பழக்கிச் சண்டை பிடிக்கிற துறவி. 27 புள்ளி கையில் கிடைக்கும், அதைக் கொண்டு ஆறு திறன்களையும் வாங்க வேண்டும், 15 என்ற எண்ணுக்கு விலை 9 புள்ளி. அவள் இரண்டு திறனுக்கு 15 வாங்கினாள், மனிதப் பிறவி என்பதால் எல்லாவற்றிலும் ஒன்று கூடி, சுறுசுறுப்பு 16, விவேகம் 16. பதினாறில் பத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 3. காப்பு என்பது எதிரியின் அடி படாமல் தடுக்கிற எண். துறவியின் காப்புக்கு 10, சுறுசுறுப்பால் 3, விவேகத்தால் 3, ஆக 16. அவள் "காப்பு பதினாறு!" என்று கத்த, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா, "பதினாறு பவுணோ? ஆருக்குப் பிள்ளை?" என்றார். ஆர்மர் கிளாஸ் என்பதற்குக் காப்பு என்று பேர் வைத்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் இந்தப் பகிடி ஓயவில்லை.

மூன்றாம் ஞாயிறு. ஒரு பழைய கோட்டையின் நிலவறை, எங்கள் ஒல்லாந்தர் கோட்டையை மனதில் வைத்து நான் கீறிய படம். செத்துக் கிடந்த காவல்காரனுக்குப் பக்கத்தில் ஒரு கேடயம். எடுத்தாள். போனில் இருந்த ஒரு பில்டரில் கேடயத்தைத் தொட்டாள். 16 இருந்த காப்பு 15 ஆனது.

கேடயம் பிடித்தால் காப்புக் குறையுமா? கழற்றினாள், 16. பிடித்தாள், 15. மறுபடி கழற்றினாள். "அப் பிழை" என்று தீர்ப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெடியன் தன் போனில் இருந்த வேறொரு பில்டரில் அதே துறவியை அதே எண்களோடு தட்டி, கேடயத்தையும் கொடுத்துப் பார்த்தான். 13.

ஒரு துறவி, ஒரு கேடயம், மூன்று காப்பு. வாளை ஓங்கின கையோடு பூதம் முக்கால் மணித்தியாலம் நின்றது.

கடையில் அச்சடித்து வைத்திருந்த விதித் தாள்களைப் புரட்டித்தான் கடைசியில் பிடித்தோம். துறவிக்கு விவேகம் காப்பில் சேர்வது, கவசமும் போடாமல் கேடயமும் ஏந்தாமல் இருக்கும்போது மட்டும். கேடயத்தைத் தூக்கியதும் அந்த 3 போய்விட்டது, கேடயத்தின் 2 வந்தது. 10, 3, 2. பதினைந்து. முதல் போன் சரி. அப்போ மற்றது? அது 2024இல் வந்த புதுப் புத்தகத்தின் விதியில் ஓடியது. அதில், கேடயம் பிடிக்கப் பழகாதவர் பிடித்தால் அந்த 2 கிடைக்காது. துறவி பழகாதவர். 10, 3, அவ்வளவுதான். பதின்மூன்று. அதுவும் சரி! இதற்குள் இன்னொன்றும் கிளம்பியது: முதல் போன் ஓடிய பழைய 2014 விதியிலும் பழகாதவர் சும்மா தப்ப முடியாது, அடிக்க உருட்டும்போது இரண்டு கட்டை உருட்டிச் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். அதைப் பற்றி முதல் போன் மூச்சே விடவில்லை.

"சித்தப்பா, இதைப் போன் அப்பவே சொல்லியிருக்கலாம்தானே?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் தந்த செயலியிலும் அந்தத் துறவியையே செய்து கேடயத்தைக் கொடுத்தேன். 15 வந்தது. கணக்குச் சரி. அந்த 15ஐ விரலால் தொட்டேன், அழுத்தினேன், இழுத்தும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி விரிந்து "அடிப்படை எண் 10, சுறுசுறுப்பு 3, கேடயம் 2. விவேகம் 3 சேரவில்லை: கையில் கேடயம் இருக்கிறது" என்று சொன்னால் போதும். அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். எதை எதைக் கூட்டினோம் என்று காட்டுகிற பில்டர்கள் இருக்கின்றன, நல்லது. சேராமல் விட்டது எது, ஏன் விட்டது என்று சொல்கிற ஒன்றை நான் பாவித்தவற்றில் காணவில்லை. ஆட்களுக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். சம்பளச் சீட்டைக் கையில் வாங்கினால் கண் முதலில் எங்கே போகிறது? கழிவுப் பக்கத்துக்கு.

இந்த ஊரில் கணக்கு ரியூசனுக்குப் போன எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் சேர், விடை மட்டும் எழுதியிருந்தால் சரியான விடைக்குக் கீழேயும் சிவப்புப் பேனையால் "வழி?" என்று எழுதிப் பூச்சியம் போடுவார். பக்கத்து வாங்கைப் பார்த்து எழுதியது என்று அதற்கு அர்த்தம். வழி சரியாக இருந்து கடைசி வரியில் கூட்டல் பிழைத்தால் பாதிக்கு மேல் புள்ளி கிடைக்கும். உங்களில் முக்கால்வாசிப் பேர் மட்ஸ் படித்துவிட்டுத்தானே கோட் எழுத வந்திருப்பீர்கள், உங்களுக்கு இதெல்லாம் மறந்திருக்க வழியில்லை.

மதவடியில் 304 சீட்டு விளையாடப் பழகியதை யோசித்துப் பாருங்கள். ஒருவரும் விதிப்புத்தகம் தரவில்லை. பெரிய பெடியளின் தோளுக்குப் பின்னால் நின்று, பேச்சும் வாங்கி, பழகிக்கொண்டோம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் வெறும். கூட்டினால் 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. விளையாட்டின் பேரே கணக்குத்தான். ஒருவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிச் சொன்னால் மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள், பின்னால் நின்று பார்க்கிற சின்னவனும் பாய்வான், ஏனென்றால் கணக்கு எல்லாருடைய தலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் விறாந்தையிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. கட்டை விழுந்ததும் நாலு பேர் சேர்ந்து கூட்டுவார்கள். இப்போது கட்டை விழுகிறது, ஒருவர் போனைப் பார்க்கிறார், "பத்தொன்பது" என்கிறார். எப்படி? "தெரியாது, இதிலை அப்படித்தான் காட்டுது." போன வருசம் ஒருவர் கதைக்குள் விற்றுத் தின்ற மந்திர மோதிரம் ஒன்று அவருடைய போனில் நாலு மாதமாகக் கைவிரலிலேயே இருந்திருக்கிறது, ஒவ்வொரு சண்டையிலும் காப்புக்கு ஒன்று கூட்டிக்கொண்டு. ஆள் கள்ளன் இல்லை, டிக்கை எடுக்க மறந்துவிட்டார். வழி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் முதல் கிழமையே யாராவது "டேய், மோதிரம் எங்கை?" என்று கேட்டிருப்பார்கள்.

வழி தெரிந்தால்தான் மாற்றவும் முடியும், இதுதான் எனக்கு அதைவிட முக்கியம். இந்த விளையாட்டில் கடைசிச் சொல் விதிப்புத்தகத்துக்கு இல்லை, விளையாடுகிற கூட்டத்துக்கு. பெறாமகளின் துறவிக்கு ஆயுதம் கிளுவந்தடி. வேலியில் வெட்டிய கிளுவந்தடியால் அவளுடைய அப்பாவும் நானும் வாங்கிய அடியை அவள் கதையாகக் கேட்டு வளர்ந்தவள், வேறு எதுவும் வேண்டாம் என்று நின்றுவிட்டாள். விதியில் கிளுவந்தடி எங்கே இருக்கிறது? கம்பு இருக்கிறது, ஒரு கையால் அடித்தால் ஆறு பக்கக் கட்டை, இரண்டு கையால் அடித்தால் எட்டு பக்கம். அதுவே இது என்று தாளில் எழுதி ஒரு நொடியில் முடித்தோம். உங்கள் செயலியில் பட்டியலில் இருக்கிற பேரைத்தான் எடுக்கலாம், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் கிடக்கிறது. புதுப் பிள்ளைகள் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்து "அது ஏலாது" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள், என்னிடம் கேட்பதுகூட இல்லை. ஏலாது என்று சொல்ல நான் இருக்கிறேன்! எந்த எண்ணையும் எந்தப் பேரையும் கையால் மாற்ற விடுங்கள், மாற்றிய இடத்தில் "மாஸ்டர் மாற்றியது" என்று சின்னதாக ஓர் அடையாளம் போடுங்கள், பிறகு தேடும்போது அந்த எண் எங்கிருந்து வந்தது என்று குழம்பாது.

அடுத்தது பதிப்பு. 15க்கும் 13க்கும் நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டதற்கு வேர் அதுதான். 2014 புத்தகத்துக்கும் 2024 புத்தகத்துக்கும் அட்டையில் ஒரே பேர். 2024 ஓகஸ்டில், புதுப் புத்தகம் வருவதற்குச் சில கிழமைக்கு முன், இந்த விளையாட்டின் உத்தியோகபூர்வத் தளமான டி அன்ட் டி பியோண்ட் ஓர் அறிவிப்புப் போட்டது: ஆட்களின் கரக்டர் ஷீட்டில் இருக்கிற மந்திரங்களும் மந்திரப் பொருட்களும் புது விதிக்கு மாறும், பழையதே வேண்டும் என்றால் நீங்களே தனியாகத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற மாதிரி. பழைய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? சில நாட்களிலேயே அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். 2022இல் இந்த விளையாட்டின் சொந்தக்காரக் கொம்பனி ஹஸ்ப்ரோ 146.3 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கிய தளம் அது, நாள் முழுக்க இதையே வேலையாகப் பார்க்கிறவர்கள், அவர்களுக்கே அங்கே வழுக்கியது. நீங்கள் வேலைக்கும் கம்பசுக்கும் நடுவில் இரவில் இருந்து செய்கிறீர்கள். ஆகவே ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் எந்தப் பதிப்பு என்று இருக்கட்டும், ஆளைக் கேட்காமல் ஓர் எண்கூட மாறக் கூடாது.

இன்னும் பின்னே போனால் இதைவிடக் கவலையான கதை. நாலாம் பதிப்புக்கும் ஒரு பில்டர் இருந்தது. முதலில் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், 2010 கடைசியில் அதை இணையத்தில் சில்வர்லைட் என்ற மென்பொருளில் ஓடுகிற சாமானாக மாற்றினார்கள், சந்தா கட்டினால் திறக்கும். சில்வர்லைட்டே வழக்கொழிந்து போக, 2020 தொடக்கத்தோடு அந்தச் சேவையையும் மூடிவிட்டார்கள். பத்து வருசம் கூட முழுதாக இல்லை. 304 எத்தனை தலைமுறை என்று என் அப்பாவுக்கே தெரியாது.

சந்தா என்றதும் ஒன்று. எங்கள் கூட்டம் கொஞ்சக் காலம் ஸ்காபரோவில் இருக்கிற மச்சானின் புண்ணியத்தில் ஓடியது, ஒரு தளத்தில் அவர் வாங்கிய புத்தகங்களை எங்களுக்கும் திறந்துவிட்டிருந்தார். அவருடைய வங்கி அட்டை மாறி ஒரு மாதம் சந்தா விடுபட்டது. அந்த ஞாயிறு எங்கள் களவாணிப் பாத்திரத்தின் பாதித் திறமை ஷீட்டில் இல்லை. "அத்தானுக்கு ஒரு கோல் எடுங்கோ" என்று நடுச் சண்டையில் ரொரன்ரோவுக்கு அழைத்தோம், அங்கே விடியவில்லை. நாங்களே கட்டலாம்தானே என்று கேட்பீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, அதற்குப் பிறகு டொலர்ச் சந்தா என்ற கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை.

கரண்ட். அதே 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், நாங்கள் அரிக்கன் லாம்பை நடுவில் வைத்து விளையாடினோம், நிலவறைக் கதைக்கு அது நல்ல பொருத்தம் என்பது வேறு. சரி, அது அசாதாரணக் காலம் என்று வையுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, நாங்கள் பத்து மணிக்கே கூடிவிட்டோம். பதினொன்றரை மட்டில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். வைஃபை செத்தது, டேட்டா தவழ்ந்தது, மூன்று பேரின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தாள் வைத்திருந்த இரண்டு பேர்தான் அன்றைய சண்டையைப் பிடித்தார்கள், மற்ற மூவரையும் "மயங்கிக் கிடக்கிறீர்கள்" என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டேன். ஒரு குரங்கு ஒரே அடியில் மூன்று வீரரை விழுத்தியது எங்கள் விறாந்தையில் அன்றைக்கு மட்டும்தான். உங்கள் செயலி நெட் இல்லாமல் திறக்க வேண்டும். தயவுசெய்து.

அச்சு. இங்கே நான் கொஞ்சம் தொழில் பேசுவேன், மன்னிக்க வேண்டும். பில்டர்களில் இருந்து வருகிற பீடிஎஃப்களை நான் அச்சடிக்கிறேன், கம்பஸ் பிள்ளைகள் சிலர் கொண்டுவருவார்கள். ஒன்றில், எட்டு ஒன்பது பக்கம் வரும், அதில் மூன்று பக்கம் பாதிக்கு மேல் வெறுமை. அல்லது பின்னணி முழுக்கக் கறுப்பு, டோனரைத் தேத்தண்ணி மாதிரிக் குடித்துவிடும், தாளும் நெளிந்து வரும். எனக்கு வேண்டியது ஏ4 ஒரு தாள், இரண்டு பக்கம், வெள்ளைப் பின்னணி. உயிர் எழுதுகிற பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். ஏன் என்று பெறாமகளின் தாளைப் பார்த்தால் தெரியும்: அடி வாங்க வாங்க அழித்து அழித்து எழுதி, அந்த இடம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, போன மாதம் ஓட்டையே விழுந்துவிட்டது, பின்பக்கத்தில் எழுதியிருந்த கயிறு 50 அடி என்பதில் "கயி" போய்விட்டது. இப்போது தடித்த தாளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்புறம், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள், வழி எழுத. அவளுடைய தாளில் காப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் "10+3+3, கேடயம் = விவேகம் அவுட்" என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறாள். எந்த பில்டரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சொற்கள் பற்றி ஒரு நாள் முழுக்கக் கதைக்கலாம், ஒன்றிரண்டோடு விடுகிறேன். சேவிங் த்ரோ என்பதைச் "சேமிப்பு எறிதல்" என்று போட்டிருக்கிறீர்கள். வங்கியில் கணக்குத் திறந்து காசை எறிகிற மாதிரி இருக்கிறது. பறந்து வருகிற நெருப்பில் இருந்து ஆள் தப்பினாரா என்று பார்க்கிற உருட்டுத்தானே அது, நாங்கள் "தப்பல்" என்கிறோம், "தப்பல் உருட்டு" என்றால் புதிதாக வந்தவருக்கும் விளங்குகிறது. இன்டெலிஜென்சுக்கு அறிவு, விஸ்டமுக்கு விவேகம் என்று நீங்கள் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மாற்றாதீர்கள். லெவலை லெவல் என்றே விடுங்கள், "நிலை" என்று போட்டால் உடம்பு நிலையா மன நிலையா என்று கேட்கிறார்கள். சொற்களையும் ஆட்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்ற விட்டால் இன்னும் நல்லது. வல்வெட்டித்துறைக் கூட்டம் ஒன்று எங்களைப் போலவேதான் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

சட்டம் என்றதும், உங்களில் ஒருவர் "இதை நாங்கள் தமிழில் போட்டால் வழக்குப் போடுவார்களா" என்று பயத்தோடு கேட்டார். விதிகளின் அடிப்படைப் பகுதியை, எஸ்ஆர்டி 5.1 என்பதை, 2023 சனவரியில் இந்த விளையாட்டை வெளியிடுகிற விசார்ட்ஸ் ஒப் த கோஸ்ட் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. பழைய உரிமத்தை மாற்றப் போய் ஆட்களிடம் வாங்கிக் கட்டிய பிறகுதான் விட்டார்கள், அது இருக்கட்டும். 2024 விதிகளுக்கான 5.2உம் 2025இல் அதே மாதிரி வந்தது. எங்கே இருந்து எடுத்தது என்ற குறிப்பை அவர்கள் கேட்டபடி போட்டால் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதில் எல்லாம் இல்லை, 5.1இல் துறவி, களவாணி மாதிரி ஒவ்வொரு தொழிலுக்கும் உட்பிரிவு ஒன்றுதான் இருக்கும். மிச்சத்தைப் புத்தகத்தில் இருந்து கொப்பி அடிக்காதீர்கள், கொப்பிக் கடைக்காரனே சொல்கிறேன். விதி வரியை எண்ணோடு கட்டிவிடுவதும் இதனால் உங்களுக்குச் சுலபம், 15ஐத் தொட்டால் கணக்கும், கணக்கைத் தொட்டால் அந்த விதியின் தமிழ் வரியும் வரலாம். பாத்ஃபைண்டர் விளையாட்டுக்கு ஆர்க்கைவ்ஸ் ஒப் நெதிஸ் என்ற தளம் இருக்கிறது, விதி முழுக்க இலவசம், எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்றும் போட்டிருக்கும். போய்ப் பாருங்கள். எங்கள் ஆட்களே 2005இல் தொடங்கிய நூலகம் தளத்திலும், பழைய யாழ்ப்பாணப் புத்தகத்தை முழுதாக இறக்கி எடுத்து எனக்கு வேண்டிய பக்கத்தை அச்சடிக்கலாம், மாதச் சந்தா கேட்பதில்லை.

நீண்டுவிட்டது. கோபத்தில் எழுதியதாக எடுக்காதீர்கள், கோபம் என்றால் லிங்கை அழித்துவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன். வாற ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், முகம் தெரியாத மிச்சப் பேரும் வரலாம், அம்மா ரோல்ஸ் பொரிக்கிறேன் என்றிருக்கிறார். பெறாமகளின் துறவி அன்றைக்கு ஐந்தாம் லெவலுக்கு ஏறுகிறாள். கைதேர்ச்சிக்குக் கூட்டுகிற எண் 2இல் இருந்து 3 ஆகும், ஒரு முறைக்கு இரண்டு தரம் கிளுவந்தடியை வீசலாம், இன்னும் என்னென்னவோ. முதலில் அவள் பென்சிலால் ஏற்றுவாள், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு நீங்கள் உங்கள் செயலியில் ஏற்றுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் இரண்டின் வழியையும் பாயில் விரித்துவைத்துப் பார்ப்போம். போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், எந்த ஊர்க் குரங்கு என்ன செய்யும் என்று தெரியாது.

அந்தக் கேடயத்தை அவள் இன்னும் எறியவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு திரிகிறாள். காப்பு 16.

அன்புடன்,
பரமேஸ்வராச் சந்திக் கொப்பிக்கடை அண்ணை